பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

எங்கள் மார்க்கெட் ரிசர்ச் (சந்தை ஆய்வு) கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் நாட்களில் நான் ஓர் ஒலித்துணுக்கைப் போட்டுக் காட்டுவது வழக்கம். இருபது நொடிதான் இருக்கும். புதிதாக வரப்போகும் ஒரு காபித்தூளில் போட்ட காபியைக் குடித்துப் பார்த்த அம்மாவிடம், "எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு பெண் கேட்கிறார். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம், "ம்... பரவாயில்ல." முடிந்தது. (உண்மையான ஆட்களின் குரலை இப்படி எடுத்துப் போட்டால் இந்தத் தொழிலில் பெரிய தப்பு. ஆகவே இது எங்கள் அலுவலகத்தில் டீ போடும் அம்மா பேசிக் கொடுத்தது. ஒரே டேக்கில் முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.)

எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேள்வி இதுதான்: ஐந்துக்கு எத்தனை போடுவீர்கள்?

பெரும்பாலும் 3 என்பார்கள். பெரிய கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள், நடுநிலையான பதில், ஆகவே நடுக் கட்டம் என்று. சிலர் 4. போன மாதம் விழுப்புரம் பக்கத்திலிருந்து புள்ளியியல் படித்துவிட்டு வந்த ஒரு பெண் மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டுவிட்டு, "சார், கீழ வச்சது காலி டம்ளரா, காபி மிச்சம் இருந்த டம்ளரா? சத்தத்துல சரியா தெரியல" என்றாள்.

பல வருஷமாக இந்தத் துணுக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நானே அதை யோசித்ததில்லை.

பரவாயில்லை என்ற சொல்லை வைத்து மார்க்கெட் ரிசர்ச் படிப்புக்கு ஒரு முழுப் பாடமே நடத்தலாம். மாமியார் மருமகளின் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து "பரவாயில்ல" என்றால் அது பாராட்டுப் பத்திரம். பெண் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் அதையே சொன்னால் தரகர் அடுத்த ஜாதகத்தைத் தேட ஆரம்பிக்கலாம். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொன்னால் மன்னிப்பு. "இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?" என்றதற்குச் சொன்னால் வேண்டாம். ஒரு ஏகாரம் சேர்த்து "பரவாயில்லையே!" என்றால் எதிர்பார்க்கவே இல்லை, அசத்திவிட்டாய் என்று பொருள். இத்தனையும் மும்பையில் எழுதப்பட்ட கேள்வித்தாளில் ஒரே கட்டத்துக்குள் போய் விழுகிறது. அந்த நடுக்கட்டத்துக்குத் தமிழில் என்ன எழுதியிருப்பார்கள் தெரியுமா? "பிடித்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது." தாம்பரத்தில் ஒரு பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "நீ என்னடா கண்ணு சொல்ற, மெதுவா திருப்பிச் சொல்லு" என்று என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்க்க இடைஞ்சலாக இருக்கிறதே என்றுதான் அட்டையை வாங்கி ஓரமாக வைத்தார் என்று பிற்பாடு புரிந்தது.

நான் இந்த வேலைக்கு வந்தது 2004இல். கணிதத்தில் பி.எஸ்சி., கையில் இரண்டு அரியர். டீக்கடையில் ஒரு நண்பன், "சர்வே வேலைடா, ஒரு ஃபார்முக்கு நாப்பது ரூபா" என்றான். நுங்கம்பாக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில் நேர்முகத் தேர்வு. கேட்ட கேள்விகள் இரண்டு. "வண்டி இருக்கா?" "நாளைக்கு வர்றியா?" சைக்கிள் இருந்தது. மறுநாள் போனேன். கேள்வித்தாளை வரி வரியாக விளக்கும் பிரீஃபிங், பக்கத்தில் இருப்பவனையே வீட்டுக்காரராக நினைத்துக் கேட்கும் மாக் கால், அவ்வளவுதான் பயிற்சி. அதற்கப்புறம் ஓர் அக்காவோடு சேர்த்து சைதாப்பேட்டைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே போய் வேடிக்கை பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

அந்த அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர். தோளில் ரெக்ஸின் பை, அதற்குள் கேள்வித்தாள் கட்டு, பதில்களை அச்சடித்துக் காட்டும் ஷோ கார்டு, தண்ணீர் பாட்டில், வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள். தெருவுக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கமாகவே நடக்க வேண்டும், இத்தனை வீடு விட்டு அடுத்த வீடு என்பது விதி. நல்ல கேட் இருக்கிற வீடு, சிரித்த முகமாக நிற்கிற அம்மா என்று நம் இஷ்டத்துக்குப் பொறுக்கினால் சாம்பிள் கெட்டது.

ஃபீல்டில் எல்லோரும் சொல்லும் முதல் பொய், "அஞ்சே நிமிஷம்தான்கா." கேள்வித்தாளோ முக்கால் மணி நேரம். பத்தாவது நிமிஷத்தில் வீட்டம்மா முகம் மாறும், இருபதாவது நிமிஷத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வரும். அக்கா அந்தப் பொய்யைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். "அரிசி களைஞ்சு வச்சிட்டீங்களாக்கா? குக்கர் நாலு விசில் வர்ற வரைக்கும் பேசலாம். மிச்சத்தை சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்." ரேஷன் கார்டில் பேரை வெட்டவா, லோனா, சீட்டா என்று வரிசையாகக் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் அலுக்காமல் பதில் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக்குள் நுழைந்தாலும் யாரை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் கொடுத்த ஓர் அட்டவணை இருக்கிறது, கிஷ் கிரிட் என்போம். வீட்டிலுள்ள பெரியவர்களை வரிசைப்படுத்தி எழுதினால், யாரிடம் கேட்க வேண்டும் என்று கட்டம் சொல்லும். கதவைத் திறந்தவர் பக்கம் அது சாயவே சாயாது. அன்றைக்கு ஒரு வீட்டில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பையன்மேல் விழுந்தது. "அவன்கிட்ட என்னத்த கேக்கப்போற? அவனுக்கும் சேர்த்து நானே சொல்றேன்" என்று அம்மா உட்கார்ந்துகொண்டார். அக்கா சிரித்துவிட்டு எழுந்தார். மறுநாள் போனோம், பையன் தூக்கம். அதற்கு மறுநாள் காலையில், ஷிஃப்ட் முடிந்து அவன் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் பார்த்துத் தெருமுனையிலேயே பிடித்தார். நாற்பது ரூபாய்க்கு மூன்று நடை. அந்தப் பையன் சொன்ன பதிலுக்கும் அவன் அம்மா அவனுக்காகச் சொல்லவிருந்த பதிலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

சரி, என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். தனியாக அனுப்பிய மூன்றாவது வாரம். மே மாத வெயில், பூட்டிய கதவுகள், இரண்டு ஃபார்ம் குறைகிறது. ஒரு கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். பேர் வைத்தேன், வயது வைத்தேன், கையெழுத்தைக்கூட மாற்றி எழுதினேன். மாட்டிவிட்டது, நிரப்பிய தாள்களைச் சரிபார்க்கும் ஸ்க்ருட்டினி மேஜை. மின் இணைப்பு இல்லை என்று டிக் அடித்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. சூப்பர்வைசர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், அந்த வாரம் நான் கொடுத்த மொத்தக் கட்டும் குப்பைக்குப் போனது. பணமும் இல்லை. அக்காதான் பஸ் ஸ்டாண்டில் வைத்து, "வீடு பூட்டியிருந்தா பூட்டியிருக்குன்னு எழுதறதும் வேலைதான் தம்பி" என்றார்.

இந்தச் சிக்கல் ஒன்றும் புதிதில்லை. 1930களின் கடைசியில் வங்காளத்தில் சணல் எத்தனை ஏக்கரில் பயிராகிறது என்று சாம்பிள் சர்வே எடுக்க ஆரம்பித்த புள்ளியியலாளர் மஹலனோபிஸுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர் கண்டுபிடித்த வழி அழகானது. ஒரே பகுதிக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாம்பிள், தனித்தனி ஆட்கள். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நம்பலாம், விலகினால் எங்கோ உதைக்கிறது. ஆள் பொய் சொல்வானா, தப்பாக அளப்பானா என்ற சந்தேகத்தை அவர் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். இன்றைக்கு டேப்லெட்டில் ஜி.பி.எஸ். ஓடுகிறது, நடுநடுவே பேச்சு தானாகப் பதிவாகிறது, ஒரு பங்கு வீடுகளுக்குத் திரும்ப போன் போட்டு பேக்-செக் செய்கிறோம். சந்தேகம் அதேதான்.

நான் மேலே வந்தது தற்செயல். சூப்பர்வைசர் ஆனேன், ஸ்க்ருட்டினி மேஜைக்குப் போனேன் (மின்சாரமில்லாத ஃபிரிட்ஜ்களை மோப்பம் பிடிக்க என்னைவிடத் தோதான ஆள் யார்?), அரியரை முடித்தேன், கோடிங் பிரிவில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கோடிங் இல்லை. மக்கள் வாயால் சொன்னதை எண்ணாக மாற்றும் வேலை. "மணம் இருக்கு, ஆனா நாக்குல நிக்கல" என்று ஒருவர் சொன்னால் அதில் மணத்துக்கு ஓர் எண், நிற்காததற்கு ஓர் எண். "சிக்கரி ஜாஸ்தி", "கடையில கண்ணு முன்னாடி அரைச்சுக் குடுப்பான் பாருங்க, அந்த மாதிரி வராது", "தண்ணியா இருக்கு" எல்லாம் ஒவ்வொரு எண். ஆயிரம் தாள் முடிந்தால் ஊரே எதைக் குறை சொல்கிறது என்று ஒரு பட்டியல் கையில் நிற்கும். அங்கிருந்து எக்செல், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள், ஒரு பதிலை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கும் கிராஸ்-டேப் அட்டவணை, அப்புறம் ரிப்போர்ட். இப்படி அடிப்படியிலிருந்து ஏறியவர்கள் இந்தத் தொழிலில் ரொம்பக் குறைவு.

ஏனென்றால் வாசல் இரண்டு. முன்வாசல் வழியாக ரிசர்ச் எக்சிக்யூட்டிவ்கள் வருவார்கள். எம்.பி.ஏ., பொருளாதாரம், புள்ளியியல், அத்தி பூத்தாற்போல் உளவியலோ மானிடவியலோ படித்தவர்கள். மூன்று வருஷம் ஸ்லைடு போடுவார்கள், அப்புறம் சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளில் வாங்குபவர் மனசை ஆராயும் இன்சைட்ஸ் பிரிவுக்குப் போய் எங்களுக்கே வேலை கொடுக்கும் இடத்தில் உட்காருவார்கள். தப்பில்லை, நல்ல பிழைப்பு. பின்வாசல் வழியாக ஃபீல்டு ஆட்கள் வருவார்கள். ஃபார்முக்கு இவ்வளவு, பி.எஃப். கிடையாது, சர்வே இல்லாத மாதம் வருமானமும் இல்லை. முன்வாசல் ஆட்களுக்கு ஒரு வாரம் ஃபீல்டு காட்டுவது என்று ஒரு சடங்கு உண்டு. கூலிங் கிளாஸோடு வருவார்கள்.

இந்தத் தொழிலின் மூலபுருஷராகச் சொல்லப்படும் சார்ல்ஸ் கூலிட்ஜ் பார்லின் முன்வாசலும் பார்த்ததில்லை, பின்வாசலும் பார்த்ததில்லை. விஸ்கான்சின் மாநிலத்து வாசாவ் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். 1911இல் கர்டிஸ் பதிப்பகம் அவரை வேலைக்கு எடுத்தது. டின்னில் அடைத்த சூப்பைத் தொழிலாளி வீடுகளில் வாங்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஃபிலடெல்ஃபியாவில் தெருத் தெருவாகக் குப்பையைச் சேர்த்து டின்களை எண்ணினார் என்று ஒரு கதை உண்டு. தொழிலுக்குள் எல்லோருக்கும் பிடித்த கதை. அவர் இன்றைக்கு எங்கள் எச்.ஆர். போர்ட்டலில் விண்ணப்பித்தால் முதல் வடிகட்டியிலேயே நின்றுவிடுவார்.

ஊரைத் தெரிந்த ஆள் மேஜையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். வீட்டின் வசதியை அளக்க 2011இல் புது முறை கொண்டுவந்தார்கள். குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, அப்புறம் 11 பொருட்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், காஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், கார், ஏ.சி., விவசாய நிலம். இரண்டையும் கட்டத்தில் பொருத்தினால் ஏ1 முதல் இ3 வரை 12 படிகளில் ஒன்று வரும். இந்தியா முழுக்க ஒரே அளவுகோல், எளிமையானது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் 2006இலிருந்து அரசாங்கமே இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்தது. இலவச காஸ் அடுப்பும் கொடுத்தார்கள். 2011இல் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் வந்தது. கூரை வீட்டில் டிவி, அடுப்பு, லேப்டாப் என்று மூன்று டிக். கேள்வி, இருக்கிறதா இல்லையா என்பதுதான். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் மாநிலத்து வீடுகள் மட்டும் ஏன் ஒரு படி தூக்கலாக நிற்கின்றன என்று வடக்கிலிருந்து ஒருவர் போன் செய்து கேட்டபோது, அலுவலகத்தில் அதற்கு உடனே பதில் சொன்னது ஃபீல்டிலிருந்து வந்தவர்கள்தான். "அது கலைஞர் டிவி சார்." அந்தப் பக்கம் புரியவில்லை. சானல் பேர் என்று நினைத்துக்கொண்டார். இப்போது ஐ.எஸ்.இ.சி. என்று புது முறை வந்திருக்கிறது. பொருட்கள் பட்டியலே கிடையாது. சம்பாதிப்பவரின் தொழில், வீட்டில் அதிகம் படித்த ஆணின் படிப்பு, அதிகம் படித்த பெண்ணின் படிப்பு. பெண்ணின் படிப்பைத் தனியாகக் கேட்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

2014 தொடக்கத்தில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 2013ஆம் ஆண்டுக்கான வாசகர் கணக்கெடுப்பு வெளியானபோது பெரிய பத்திரிகைகள் பலவும் சேர்ந்து அதை ஏற்க முடியாது என்று அறிக்கை விட்டன. சென்னையிலிருந்து வரும் ஆங்கில வணிக நாளிதழ் ஒன்றுக்குச் சென்னையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு வாசகர்கள் மணிப்பூரில் இருக்கிறார்கள் என்று அதில் வந்திருப்பதாக அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். எங்கே பிசகியது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படி ஓர் எண் மேஜைக்கு வரும்போது கண்ணை உறுத்த வேண்டும். ஆயிரம் பேர் சாம்பிளுக்குப் பிழை எல்லை ஏறக்குறைய 3 சதவீதம், நானூறு பேருக்கு 5 என்று யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம். பேப்பர் போடும் பையன் எந்தத் தெருவில் எதைப் போடுகிறான் என்று ஒரு தடவையாவது பார்த்தவனுக்குத்தான் அந்த எண் உறுத்தும்.

இப்போது வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "சார், ஏ.ஐ. வந்தா இந்த வேலை இருக்குமா?" நியாயமான பயம். கோடிங் பிரிவில் இருபது பேர் செய்ததை இப்போது மூன்று பேர் செய்கிறார்கள். பேச்சை எழுத்தாக்குவது, மொழிபெயர்ப்பது, கிராஸ்-டேப் எடுப்பது எல்லாம் நிமிஷத்தில் முடிகிறது. பைத்தான், ஆர் (R) என்ற நிரல்மொழிகளில் ஒன்றாவது தெரியாமல் டேட்டா பக்கம் வராதே என்று நானே சொல்கிறேன். என் ஒலித்துணுக்கைக்கூட ஒரு நாள் அதற்குள் போட்டுப் பார்த்தேன். 3 என்றது. எம்.பி.ஏ. பையன் சொன்ன அதே காரணத்தோடு.

ஆன்லைன் சர்வேக்களில் வேறு கூத்து. பரிசுக் கூப்பனுக்காக ஒரே ஆள் ஐம்பது பேராகப் பதில் சொல்வது, நிரல் எழுதிப் பதில் நிரப்புவது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடி டாலர் மோசடி என்று 8 பேர்மேல் குற்றம் சாட்டினார்கள். பணம் கொடுத்து ஆள் வைத்துப் பொய்ப் பதில்களை நிரப்பி, உண்மையான சர்வே என்று விற்றார்களாம். அப்படி நிரப்பியவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த பேர் எறும்புகள் என்கிறது குற்றப்பத்திரிகை. படித்தபோது எனக்குக் குளத்துப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. நான் வெறும் இரண்டு ஃபார்ம், எண்பது ரூபாய் எறும்பு.

நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பது என்ன என்று கேட்டால் வரிசை போட்டுச் சொல்லத் தெரியவில்லை. பேச்சுக்கு நடுவே சும்மா இருக்கத் தெரிகிறதா என்று பார்ப்பேன். சைதாப்பேட்டை அக்கா அதில் ராணி. "பரவாயில்ல" என்று பதில் வந்தால், "அப்ப நல்லா இருக்குன்னு போட்டுக்கவா?" என்று நம் வார்த்தையை அவர்கள் வாயில் வைப்பது பெரிய குற்றம். "ஏன்?" என்று கேட்டால் எதிராளி மிரண்டுவிடுவார். அக்கா அந்தச் சொல்லையே திரும்பச் சொல்லிக்கொண்டு மெதுவாக எழுதுவார். "பர... வா... யில்ல..." பேனா நகரும் வேகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பொறுக்காது. "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு, எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது. டிகிரி காபி இல்லன்னா டம்ளரைத் தள்ளிடுவார்" என்று மிச்சம் தானாக வரும். குடிப்பவர் ஒருவர், தூளை முடிவு செய்பவர் இன்னொருவர் என்பது அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. கேள்வித்தாளில் அதற்குக் கேள்வியே கிடையாது. பக்க ஓரத்தில் எழுதிவைப்பார்.

விழுப்புரம் பெண்ணை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அவளை டேட்டா பிரிவில் எடுத்தோம். ரிசர்ச் எக்சிக்யூட்டிவாக எடுக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். எம்.பி.ஏ. இல்லை, கிளையன்ட் முன்னால் ஆங்கிலம் பேச வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டு வந்தேன். அந்த மாதிரி ஒரு வருஷங்கள் எனக்கு நாலைந்து பாக்கி இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். இன்னும் ஃபீல்டில்தான் இருக்கிறார். ரெக்ஸின் பை போய்த் தோளில் டேப்லெட் பை. முட்டி வலி, மாடி வீடு என்றால் யோசனை. "தம்பி, என் பொண்ணு பி.காம். முடிச்சிட்டா. உங்க ஆபீஸ்ல ஏதாவது போட்டுக் குடுப்பீங்களா? என் வேலை வேணாம். உள்ள உட்கார்ற வேலை."

எக்செல் தெரியுமா என்று கேட்டேன். ஏதோ கோர்ஸ் போகிறாளாம். எங்கள் ஆபீஸில் சிபாரிசு செல்லாது, டெஸ்ட் ஒன்று வைப்போம் என்றேன். அந்த ஒலித்துணுக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"டெஸ்ட் வைங்க, நல்லா வைங்க. எனக்கு எந்த டெஸ்ட்டும் வைக்கல, அதான் இப்படியே கிடக்கேன்" என்று சிரித்தார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னேன். சைதாப்பேட்டையிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், இறங்கி எந்தக் கைப் பக்கம் நடக்க வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி மெதுவாக எழுதிக்கொண்டார்.